மறைந்த பாடகி மாடிப்படி ஏறி வந்தபோது

முள்ளை இசைத்தட்டின் மேல் வைத்ததும் முதலில் கரகரவென்று சத்தம். பிறகு ஒரு கிதார். அதற்குப் பிறகு அந்தக் குரல். முதல் பாட்டு இரண்டாவது வரிக்கு வருவதற்குள் கீழ்வீட்டில் தையல் மெஷின் நின்றுவிட்டது.

அது லேசில் நிற்கிற மெஷின் இல்லை. கீழ்வீட்டு லூர்தக்கா காலைப் பூசை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், விளக்கு வைக்கும்வரை மிதித்துக்கொண்டே இருப்பார். கான்வென்ட் பிள்ளைகளின் சீருடையில் பாதி அவர் கையால் தைத்ததுதான். நாங்கள் அந்த மாடிக்குக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கடகடப்பு இல்லாத பகல் எனக்குத் தெரியாது.

வெளியே உச்சி வெயில். தெருவில் ஆளில்லை. உப்பளப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண் பாடினாள்:

கரையில நிக்கிறது யாரு – என்
பேரைக் கேக்கிறது யாரு

படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. எதற்கோ திரும்பினேன், வாசலில் லூர்தக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி தைத்த சட்டை. அதிலிருந்து நூல் தரைவரை தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றேன்.

லூர்தக்காவுக்குக் குரல் கிடையாது. தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் போய்விட்டது என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தார்கள். பேசினால் காற்று மட்டும் வரும். அவர் வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் என்ன சொல்கிறார் என்று தெரியும். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருப்பார்.

நான் எழுந்து பக்கத்தில் போவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். அன்று பொழுது சாயும்வரை மெஷின் ஓடவில்லை.

தலையணைக்குள் கேட்ட பாட்டு

போன வாரம், என் கணவர் ஒரு கப்பல் சமையல்காரரிடமிருந்து பழைய ரெக்கார்ட் பிளேயர் வாங்கிவந்த கூத்தை எழுதியிருந்தேன். அதில் முதலில் போட்ட தட்டு எது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முதலில் போட்டது ஒரு கீர்த்தனைத் தட்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதாகப் போட்டதுதான் இது. இதை எழுதலாமா என்று இத்தனை வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவிடம் கேட்டேன். எழுதுங்க டீச்சர் என்றுவிட்டாள்.

ஸ்டெல்லா யார் என்று பிறகு சொல்கிறேன். முதலில் லோலா.

நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த காலத்தில் எங்கள் ஹாஸ்டலில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. சாத்தான்குளத்துப் பிள்ளை ஒருத்தி அதைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்திருப்பாள். மத்தியானத்தில் அக்கரை இலங்கை ரேடியோவில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பாடும் துள்ளல் பாட்டுகளை வைப்பார்கள். சினிமாப் பாட்டு இல்லை. கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பதையும் சைக்கிளில் விழுந்ததையும் பாடுவார்கள். எங்கள் வார்டன் அம்மாவுக்கு அது பிசாசின் பாட்டு. நாங்கள் நான்கு பேர் ஒரு தலையணையில் காதை வைத்துக்கொண்டு கேட்போம்.

அதில் லோலா என்று ஒருத்தி. பெயர் அவ்வளவுதான்; ஊர், குடும்பம் எதுவும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று சின்னச் சின்னத் தட்டாக வந்துகொண்டிருந்தது. புதுத் தட்டு வந்துவிட்டது என்று அறிவிப்பாளர் சொன்னால் எங்களுக்குச் சோறு இறங்காது. குரலில் லேசான கரகரப்பு இருக்கும். பாட்டின் நடுவில் திடீரென்று சிரிப்பாள்.

பிறகு ஒரு வருஷம் புதிய பாட்டு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணமாகி, வேலை கிடைத்து, தூத்துக்குடிக்கு வந்தபோது லோலாவை மறந்தே போயிருந்தேன்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தாலும், பழைய துறைமுகத்திலிருந்து பாய்த்தோணிகள் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் கொண்டுபோய்க்கொண்டுதான் இருந்தன. அப்படி ஒரு தோணியின் தலைவர், தண்டல் என்பார்கள், சவேரியார் என்று பெயர். அவர்தான் எங்களிடம் பிளேயர் இருப்பதைக் கேள்விப்பட்டு இந்தத் தட்டை என் கணவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பெரிய தட்டு. லோலா பாடிய சின்னத் தட்டுகளையெல்லாம் தேடிப்பிடித்து ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

அட்டையில் ஒரு இளம்பெண்ணின் படம். பூப்போட்ட கவுன், காதில் பெரிய வளையம். படத்தைச் சுற்றி மாலை வரைந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில்:

மறைந்த பாடகி லோலாவின் தனித்தட்டுப் பாடல்கள்.

கட்டை விரலால் மறைத்த மாலை

மறுநாள் நான் காலை ஷிப்ட் முடிந்து வந்து சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது லூர்தக்கா மறுபடியும் வந்தார். இந்த முறை உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். தட்டின் அட்டையைக் கையில் எடுத்தார். படத்தைச் சுற்றியிருந்த மாலையைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் வரும்படி கையசைத்தார்.

குனிந்தேன். காதில் காற்று மோதியது.

"இது நான்தான் டீச்சர்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கழுத்துத் துணியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். தழும்புக்கு மேலே தாடையின் ஓரத்தில் ஒரு மச்சம். அட்டைப் படத்திலும் அதே இடத்தில் அதே மச்சம்.

மத்தியான வெயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயம் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் ஒருத்தி இருபத்திரண்டு வயதில் தொண்டை திறந்து பாடிக்கொண்டிருக்கிறாள். அவளேதான் என் எதிரே தரையில் உட்கார்ந்து, அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் வாய் அசைகிறது. சத்தம் வேறு இடத்திலிருந்து வருகிறது.

"உங்களைச் செத்துப்போனதாப் போட்டிருக்காங்களே அக்கா" என்றேன்.

தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் காலைப் பூசையில் சாமியார், லோலா என்பவரின் ஆத்துமா இளைப்பாற்றிக்காக என்று வாசித்தாராம்.

"எவளோ லோலான்னு இன்னொருத்தி இருந்திருக்கா, பாவம்னு நெனச்சேன். நானும் சேந்துதான் செபம் சொன்னேன்."

கொழும்பில் அவர் கணவர் பெர்னார்டு கிதார் வாசிப்பவர். லோலா என்று பெயர் வைத்ததும் அவர்தான். தொண்டையில் கட்டி வந்தபோது மகள் ஸ்டெல்லா கைக்குழந்தை. ஆபரேஷன் முடிந்து குரல் போனதும், "ஊர்ல போயி ஆறு மாசம் இரு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கப்பலேற்றி அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டு கடிதம். அதோடு சரி. ஒன்பது வருஷம்.

"பிள்ளைக்குத் தெரியுமா, நீங்க பாடினது?"

இல்லை என்று கையை ஆட்டினார். "தெரிஞ்சா, பாடும்மான்னு கேப்பாள்லா. அப்ப நான் என்ன செய்ய?"

யார் அவரைச் சாகடித்தார்கள் என்பதைவிட, ஸ்டெல்லாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு வருவார். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். சைக்கிள் பாட்டில் லோலா சிரிக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வருவதற்கு ஒரு கணம் முன்னால் லூர்தக்காவின் தோள் குலுங்கும். அவர் சிரித்து முடிப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி சிரிக்கும். அதை மட்டும் என்னால் கடைசிவரை சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

ஸ்டெல்லா சொன்னது

ஸ்டெல்லா நாலாம் வகுப்பு. மெலிந்த பிள்ளை, அதிகம் பேசாது. அம்மா சாடை காட்டியே பேசிப் பழகியதாலோ என்னவோ, அவளும் பாதி விஷயத்தைக் கண்ணாலும் கையாலும்தான் சொல்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிக்கு வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். பாட்டுப் போடச் சொல்வாள். அவள் எல்லாத் தட்டையும்தான் கேட்டாள். லோலாவின் தட்டை மட்டும் எடுத்து ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. அப்படிச் செய்தால்தானே சந்தேகம் வரும்.

ஒருநாள் அவள் அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை யார் கொடுத்தது என்று கேட்டாள்; கொழும்புக்குப் போகிற தோணியின் தண்டல் சவேரியார் என்றேன். அதன் பிறகு சில நாள் மாடிக்கு வரவில்லை.

அந்த நாள்களில் லூர்தக்கா ஒன்றிரண்டு முறை என்னிடம் சொன்னார்: பிள்ளை சரியில்லை. என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறாள். சாப்பிடும்போது என் கையையே பார்க்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?"

"சொல்லு."

"எங்கம்மா செத்துட்டாங்க டீச்சர்."

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"என்னளா சொல்லுத? அம்மா கீழ தச்சுக்கிட்டிருக்காங்க. சத்தம் கேக்கலியா?"

"ஆமா. செத்தது அவங்களுக்குத் தெரியல. நீங்க சொல்லிராதீங்க. தெரிஞ்சா போயிருவாங்க."

அவள் அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு போட்டோ இருக்கிறது. அதில் அப்பா கிதாரோடு நிற்கிறார், பக்கத்தில் அம்மா. அட்டையில் இருப்பது அதே போட்டோ, அப்பாவை மட்டும் வெட்டிவிட்டார்கள். அட்டையில் மறைந்த என்று அச்சிட்டிருக்கிறது. அச்சில் பொய் போட மாட்டார்கள். கோயிலிலும் அந்தப் பெயரை வாசித்தார்கள்.

"நான் பக்கத்துலதான் டீச்சர் இருந்தேன். அவங்க பூசைக்கு அவங்களே முழங்கால் போட்டுச் செபம் சொன்னாங்க."

"ஸ்டெல்லா..."

"செத்தவங்களுக்குத்தான் குரல் இருக்காது. கை எப்பவும் ஜில்லுனு இருக்கு. நடந்தா சத்தமே வராது. நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருந்தேன்.

அட்டையில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "பெரியவங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று எழுந்தாள். போகும்போது, "பாட்டு முடிஞ்சதும் தட்டை உறையில போட்டு வைங்க டீச்சர். கீறல் விழுந்தா அம்மாவுக்கு ஏதாவது ஆயிரும்" என்றாள்.

அன்று நான் எதற்கோ கீழே போனேன். லூர்தக்கா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு கொடுத்தார். அவர் விரல் என் கையில் பட்டது. தண்ணீரில் இருந்த கை, ஜில்லென்றுதான் இருக்கும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை சொன்ன சொல் அப்படி என்னைப் பிடித்திருந்தது.

கூப்பிட முடியாத தாய்

மறுநாள் சனிக்கிழமை. பள்ளியில் காலைநேர வேலை முடித்துவிட்டு வந்ததும் நேராகக் கீழ்வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைவிடப் பிள்ளை முக்கியம் என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

லூர்தக்கா ஊசியில் விரலை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் அதுவரை நான் பார்த்திராத முகமாக மாறியது. எழுந்து ஸ்டெல்லாவைத் தேடினார். வீட்டில் இல்லை. பின்கட்டில் இல்லை. தெருக் குழாயடியில் இல்லை. நான் மாடிக்கு ஓடினேன். தட்டு மேசைமேல் கிடந்தது. அட்டையைக் காணோம்.

"ஏ டீச்சர், அந்தப் பிள்ளையா?" என்றார் தெருமுனைக் கடை அண்ணாச்சி. "பழைய துறைமுகத்துக்கு எப்படிப் போவணும்னு கேட்டுச்சு. சேக்காளி கூடப் போகுதாக்கும்னு நெனச்சேன்."

இருவரும் ஓடினோம். தார்ரோடு கொதித்தது. லூர்தக்கா செருப்புப் போடவில்லை. எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அப்போதும் அவர் காலிலிருந்து சத்தம் வரவில்லை.

துறைமுகத்தில் வெங்காய மூட்டைகள் மலைபோலக் கிடந்தன. சாப்பாட்டு நேரம். ஆள்கள் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். தோணிகள் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. கடல் தகடுபோல அசையாமல் மினுங்கியது. அங்கிருந்து ஒரு சின்ன வள்ளம் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. துடுப்புப் போடுகிறவன் ஒருவன். நடுவில் ஒரு பெரிய மனிதர். அவர் பக்கத்தில், அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டெல்லா.

லூர்தக்கா வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. துணி அவிழ்ந்து தழும்பு சிவந்து தெரிந்தது. எவ்வளவு பெரிய கூப்பாடு அது என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. ஆனால் வந்தது காற்று மட்டும்தான். நிழலில் படுத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்தான், "ஸ்டெல்லா" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வள்ளத்துக்குள் குனிந்துகொண்டாள்.

லூர்தக்கா தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். கடல் வற்றும் நேரம். அடியில் சிப்பி ஒட்டிய கற்கள், கத்தி மாதிரி. முட்டளவு தண்ணீரில் அந்தக் கற்கள்மேல் நடந்து போனார்.

"ஏ டீச்சரம்மா" என்று வள்ளத்திலிருந்த பெரியவர் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். சவேரியார் தண்டல். "இது உங்க வீட்டுப் பக்கம் உள்ள பிள்ளையா? வள்ளத்துக்காரன்ட்ட எம் பேரைச் சொல்லி ஏறி வந்திருக்கு. கொழும்புல எங்கம்மா கல்லறை எங்கன இருக்குன்னு கேக்கு..."

அப்போதுதான் அவர் லூர்தக்காவைப் பார்த்தார். அவர் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. "சேசுவே" என்றார். எழப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது.

"நீங்க... நீங்க செத்துல்லா போனிய."

ஸ்டெல்லா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். முதலில் தண்டலைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் சொன்னேன்ல என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

லூர்தக்கா வள்ளத்தைப் பிடித்துவிட்டார். பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். ஸ்டெல்லா உடம்பை விறைத்துக்கொண்டு இருந்தாள். கரையில் இறக்கிவிட்டதும் இரண்டடி பின்னால் போனாள். அப்போது அவள் பார்வை கீழே போனது.

வெள்ளை மணலில் லூர்தக்கா நின்ற இடம் சிவந்துகொண்டிருந்தது. சிப்பி இரண்டு பாதங்களையும் கிழித்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

ஸ்டெல்லா குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு விரலால் அந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"சூடா இருக்கு டீச்சர்" என்றாள்.

பிறகுதான் அழுதாள். அதுவரை அடக்கிவைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து, அந்தத் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

தண்டல் சொன்ன விஷயம்

சவேரியாரும் எங்களோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, லூர்தக்காவிடம் பேசாமல் என்னிடமே பேசினார். செத்தவளோடு நேராகப் பேசப் பழக அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாடிய காலத்திலிருந்தே லோலாவையும் பெர்னார்டையும் அவருக்குத் தெரியும். பெர்னார்டு இப்போது கொழும்பில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறார். பெண்சாதி ஊரில் இறந்துவிட்டாள், கைப்பிள்ளையும் கூடவே போய்விட்டது என்று சொல்லி, கோயிலில் வைத்து இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். பெண்சாதி உயிரோடிருந்தால் எந்தச் சாமியார் கல்யாணம் முடித்துவைப்பார்? தட்டுப் போட்ட கம்பெனிக்காரர்கள் லோலாவைத் தேடி அவரிடம்தான் போயிருக்கிறார்கள். அவர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

"கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன்" என்றார் தண்டல் தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்தத் தட்டைக் கேட்டுட்டு மனசு கேக்காம இங்கன பூசைக்குக் குடுத்ததும் நான்தான்."

லூர்தக்கா காலில் கட்டோடு கட்டிலில் இருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காதில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளைங்க உண்டுமான்னு கேக்காங்க" என்றேன்.

"ரெண்டு. ரெண்டும் பொம்பளப் பிள்ளை. கடைசிக்கு இப்பத்தான் நடை பழகுது."

லூர்தக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று மாலை அவர் நொண்டிக்கொண்டே பிள்ளையோடு மாடிக்கு வந்தார். தட்டைப் போடச் சொன்னார். ஸ்டெல்லாவை மடியில் இருத்தி, அவள் முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். அந்தப் பழைய பாட்டுகளில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் லோலா மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கும். அந்த இடங்களிலெல்லாம் லூர்தக்காவும் மூச்சு இழுத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. முதல் பக்கம் முடியும்வரை ஸ்டெல்லா அசையவில்லை. முடிந்ததும், "மறுபக்கம் போடுங்க டீச்சர்" என்றாள்.

யார் குரலில்

சரக்கு ஏற்றி முடிந்து, புறப்படும் முன் தண்டல் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"நாளைக்குப் பாய் விரிக்கோம். அங்கன போயி அவன்ட்ட நான் என்ன சொல்ல? சாமியார்ட்ட எழுதிக் கேக்கணும்னாலும் கேட்டுரலாம். நியாயம் உங்க பக்கம்."

லூர்தக்கா என்னைக் கூப்பிடுவார் என்று எழுந்தேன். அவர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். பிள்ளையின் காதில் வெகுநேரம் பேசினார். ஸ்டெல்லா தலையாட்டிக் கேட்டுவிட்டு, வாசல்படியில் வந்து நின்று, தண்டலை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"அம்மா சொல்லுதாங்க. லோலா செத்ததாவே இருக்கட்டும். அந்த வீட்டைக் கலைக்க வேண்டாம். அந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சிச்சு. ஆனா லூர்து இருக்கா. அவ மகளும் இருக்கா. இனிமே எங்க ரெண்டு பேரையும் அவர் யார்ட்டயும் சாகடிக்கக் கூடாது."

நான் தண்டலைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கும் கைமயிர் குத்திட்டு நின்றது. ஸ்டெல்லா அதுவரை எங்கள் முன்னால் அவ்வளவு நீளமாக, அவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை. லேசான அந்தக் கரகரப்பு, சொல்லின் கடைசியைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும் விதம்... பெட்டி மாடியில் இருந்தது. அதில் தட்டு எதுவும் சுற்றவில்லை.

தண்டல் தெருவில் இறங்கிப் போனார்.

அவர் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வந்த அன்றே வீட்டுக்கு வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்து, லூர்தக்காவைப் பார்த்தே பேசினார்.

"கடையிலதான் இருந்தான். நீங்க சொன்னதை ஒரு சொல்லு விடாமச் சொன்னேன். கையில இருந்த ஸ்குருடிரைவரைக் கீழ போட்டுட்டான். யார் சொன்னான்னு கேட்டான். அவளேதான் சொன்னான்னேன்."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தக் குரல்ல சொன்னான்னு கேட்டான். நான் என்ன சொல்ல? பொய் சொல்லப்படாதுல்லா. தட்டுல இருக்க அதே குரல்லதான்னு சொல்லிட்டேன். பட்டப்பகல்ல கடையைச் சாத்திட்டான்."

லூர்தக்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ரொம்பப் பயந்துட்டாரான்னு கேளுங்க" என்றது காற்று.

கேட்டேன்.

"வேர்த்துப்போச்சு அவனுக்கு" என்றார் தண்டல்.

லூர்தக்கா தலையை அசைத்தார். பிறகு குசினியைப் பார்த்துக் கையைத் தட்டி, வந்தவருக்குக் காப்பி என்று சாடை காட்டினார்.

"சீனி எவ்வளவு மாமா?" என்று உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

தண்டல் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.